தீட்டுமரமும் டீக் கப்பும்

"தீட்டின மரத்திலேயே பதம் பார்த்துட்டான்." எங்கள் சொந்தத்தில் சொத்துப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்கள். சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த மரத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். உடன்குடிப் பக்கம் என் தாத்தா பனையேறி. அவர் வீட்டுத் திண்ணை ஓரமாக ஒரு முழ நீளத்துக்கு மரக்கட்டை ஒன்று கிடக்கும். நடுப்பகுதி தேய்ந்து தொட்டில் மாதிரி குழிந்திருக்கும். வெங்கச்சாங்கல்லை இடித்துத் துணியில் சலித்த வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து அதன் மேல் தூவி, பாளை அருவாளை இந்தப் பக்கம் ஓர் இழுப்பு, அந்தப் பக்கம் ஓர் இழுப்பு என்று தீட்டுவார். அருவாள் மழுங்கினால் பாளை சீவாது, நசுங்கும், நசுங்கின பாளையில் பதநீர் ஊறாது என்பார். அதனால் மரம் ஏறுகிற நாளெல்லாம் தீட்டு உண்டு. பல் தேய்ப்பது மாதிரி.

இப்போது நான் இருப்பது அம்பத்தூரில், மூன்றாவது மாடியில். திண்ணை கிடையாது, தீட்டுமரமும் கிடையாது. சமையலறையில் இரண்டு கத்தி, அம்மா கொடுத்த அருவாமணை ஒன்று. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் வரை கத்தி மழுங்கினால் பால்கனிப் படிக்கட்டுக் கல்லில் நாலு தேய் தேய்ப்பேன். அன்றைக்கு ஒரு நாள் நன்றாக வெட்டும். மறுநாள் தக்காளி மேல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். கத்தி சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்குவேன். ஒரு தடவை ஊருக்குப் போனபோது அந்தக் கட்டையை மறுபடி பார்த்தேன். விறகோடு கிடந்தது. அப்போதுதான் உறைத்தது, நான் செய்துகொண்டிருந்தது பாதி வேலை என்று. கல்லில் தேய்ப்பதோடு நிறுத்திவிடுகிறேன். தாத்தா கல்லை எப்போதாவதுதான் தொடுவார். தினமும் தொட்டது மரத்தை.

அந்த மிச்சப் பாதியைச் சேர்த்து, வீட்டில் கிடக்கிற சாமான்களை வைத்தே நான் இப்போது செய்கிற முறை இது.

முதலில் கத்தி மழுங்கிவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே நின்று, கத்தியின் வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, லேசாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கூரான வாயில் வெளிச்சம் நிற்க இடம் கிடையாது, அதனால் கோடே தெரியாது. மழுங்கின இடத்தில் மட்டும் வெள்ளி நூல் மாதிரி மின்னும். என் கத்தியில் எப்போதும் நடுவயிற்றில்தான் மின்னும். வெங்காயம் அங்கேதான் படுகிறது. பிடிக்குப் பக்கத்தில் ஓர் அங்குலம் புதுசாகவே இருக்கும், அங்கே யார் வெட்டுகிறோம்?

மழுங்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வாய் தேய்ந்து உருண்டு போவது. இன்னொன்று, வாய் தேயாமல் ஒரு பக்கமாக மடங்கிப் போவது. நம் வீடுகளில் புழங்குகிற சாதாரண எவர்சில்வர் கத்திகள் கொஞ்சம் மெத்தென்ற எஃகு. அவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டாவது வியாதிதான். சாப்பாட்டுத் தட்டில் வைத்தே தக்காளி நறுக்குகிறோம், கிரானைட் மேடையில் வைத்தே பச்சை மிளகாய் நறுக்குகிறோம். ஒவ்வொரு வெட்டிலும் வாய் தட்டில் முட்டி மடங்குகிறது. மடங்கினதை நிமிர்த்தத் தோலோ மரமோ போதும், உருண்டு போனதற்குத்தான் கல் வேண்டும். எது என்று தெரியாவிட்டால் முதலில் பழைய தோல் பெல்ட்டில் (எப்படி என்று பின்னால் சொல்கிறேன்) இருபது இழுப்பு இழுத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான் வேலை.

சரியாகவில்லை என்றால் கோணம் தெரிந்தாக வேண்டும். கத்தியைக் கல்லில் எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். சமையல் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி என்று சொல்வார்கள். டிகிரியை எதை வைத்து அளப்பது? நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கத்தியின் அகலம், அதாவது வாயிலிருந்து முதுகு வரை எவ்வளவோ, அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கிப் பிடித்தால் கிட்டத்தட்ட 20 டிகிரி. நாலில் ஒரு பங்கு தூக்கினால் 15 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. என் பெரிய கத்தி நாலரை சென்டிமீட்டர் அகலம். முதுகுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். என் சுண்டுவிரல் படுக்கை வாட்டில் அங்கே கொஞ்சம் தாராளமாகப் போகும். ஆரம்பத்தில் ஒரு முறை விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு, விரலை எடுத்துவிட்டு, மணிக்கட்டை அப்படியே பூட்டிக்கொள்ளவும். 18 வந்தாலும் பரவாயில்லை, 22 வந்தாலும் பரவாயில்லை. ஓர் இழுப்பு 15, அடுத்த இழுப்பு 30 என்று ஆடினால்தான் கத்தி கெட்டுப் போகும்.

கை ஆடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பையனின் மார்க்கர் பேனாவால் வாயை ஒட்டினாற்போல் இரண்டு மில்லிமீட்டர் பட்டையாகக் கறுப்பு பூசுங்கள். நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். வாயின் ஓரத்தில் கறுப்பு அப்படியே இருந்து மேலே மட்டும் அழிந்திருந்தால் கத்தியை அதிகமாகப் படுக்க வைத்திருக்கிறீர்கள். ஓரத்தில் மட்டும் தலைமுடி போல அழிந்து மேலே கறுப்பு இருந்தால் அதிகமாக நிமிர்த்திவிட்டீர்கள். பட்டை முழுவதும் அழிந்தால் கை நின்றுவிட்டது என்று அர்த்தம். மார்க்கர் இல்லாவிட்டால் நெயில் பாலிஷ் போதும். என் மகளின் பர்ப்பிள் நிறம் ஒன்று இதற்கே தீர்ந்தது.

இனி, கல்லுக்குப் பதிலாக ஒரு கப். வீட்டில் இருக்கிற பீங்கான் டீக் கப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு வளையம் இருக்கும், மற்ற இடமெல்லாம் பளபளப்பாக இருந்தாலும் அது மட்டும் வெளுத்துச் சொரசொரப்பாக இருக்கும். சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அந்த இடத்தில் மட்டும் பளபளப்புப் பூச்சு பூசாமல் விடுவார்கள். சுட்ட பீங்கான் கத்தி எஃகைவிடக் கடினம். அந்த வளையம் நைசான சாணைக்கல் மாதிரி வேலை செய்யும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வழுவழுவென்று இருந்தால் அந்தக் கப் உதவாது. பொக்குப் பொக்காகக் குழி இருந்தாலும் வேண்டாம். விலை உயர்ந்த கப் சிலவற்றில் அந்த வளையத்தையும் வழவழப்பாக்கியிருப்பார்கள், கோயில் திருவிழாக் கடையில் வாங்கின கப்தான் எனக்கு வாய்த்தது.

ஈரத் துணியை மடித்து மேடையில் விரித்து, அதன் மேல் கப்பைக் கவிழ்த்து வையுங்கள். ஈரத் துணி இல்லாமல் செய்யவே வேண்டாம், கப் நழுவினால் கத்தி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. கப்பைப் பிடிக்கிற கையின் விரல்கள் வளையத்துக்கு வெகு கீழே, மேடையை ஒட்டினாற்போல இருக்க வேண்டும். கத்தியின் அடிப்பகுதியை, அதாவது பிடிக்குப் பக்கத்தில், வளையத்தின் மேல் வைத்து, வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, வளையத்திலிருந்து ஒரு மெல்லிய தோலைச் சீவுவது போல முன்னே தள்ளிக்கொண்டே நுனி வரைக்கும் கொண்டு வரவும். அழுத்தம் அரைக் கிலோ கனத்துக்கு மேல் வேண்டாம். வளையம் சின்னது, கத்தி படுகிற இடம் ஒரு புள்ளிதான், அதில் போய் அழுத்தினால் வாய் அலை அலையாகிவிடும். இப்படிப் பத்து. அப்புறம் கத்தியை இடது கைக்கு மாற்றி மறு பக்கம் பத்து. வளையத்தில் சாம்பல் நிறக் கோடு விழ ஆரம்பிக்கும், அது கத்தியிலிருந்து வந்த எஃகு. கோடு விழவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை.

கப் நைசு. லேசாக மழுங்கின கத்திக்குப் போதும். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்ட கத்தியைக் கப்பில் தேய்த்தால் தீபாவளி வந்துவிடும். அதற்கு வாட்டர் பேப்பர்தான். ஹார்டுவேர் கடையில், பெயிண்ட் கடையில் கேட்டால் கறுப்பாக ஒரு தாள் கொடுப்பார்கள். சிலர் உப்புத்தாள் என்பார்கள். மரத்தைத் தேய்க்கிற சாதாரணத் தாள் வேறு, அது நனைந்தால் கிழிந்துவிடும், வாட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள். 400, 1000, 2000 என்று மூன்று நம்பர் போதும். நம்பர் ஏற ஏற நைசு. 400-ல் ஒட்டியிருக்கிற ஒரு துகள் ஏறக்குறைய 35 மைக்ரான், 1000-ல் 18, 2000-ல் 10. ஒரு தலைமுடி 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு பொடிசு என்று தெரியும்.

வீடு கட்டி மிஞ்சின ஒரு டைல்ஸ் எல்லா வீட்டிலும் பரணில் இருக்கும். அதன் வழவழப்பான பக்கத்தில் தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரை விரித்தால் ஒட்டிக்கொள்ளும். நாலு ஓரத்துக்கும் டேப் போட்டால் இன்னும் நல்லது. தாளில் கப் மாதிரி வாயை முன்னே தள்ளக் கூடாது, தாள் கிழிந்துவிடும். முதுகு முன்னால் போக, வாய் பின்னால் இழுபட்டு வர வேண்டும். தண்ணீர் காயக் காயத் தெளித்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்புத் தண்ணீர் சமையல் பாத்திரத்தில் படாமல், சிங்க் ஓரமாகச் செய்தால் கழுவ வசதி.

சரி, எத்தனை இழுப்பு? என் பதினைந்து வருஷத் தப்பில் ஒரு பங்கு இந்தக் கேள்வியில்தான் இருந்தது. 400 தாளில் இழுப்பை எண்ணக் கூடாது. பிசிறு வருகிற வரைக்கும் இழுக்க வேண்டும்.

பிசிறு என்றால் இதுதான். ஒரே பக்கத்தில் தேய்த்துக்கொண்டே போனால், தேய்ப்பு வாயின் விளிம்பை எட்டியதும், எஃகு மறு பக்கமாக மெல்லிசாக வழிந்து மடங்கி நிற்கும். தச்சர் இழைப்புளி போட்டதும் பலகை ஓரத்தில் நார் நிற்குமே, அது போல. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தேய்க்காத பக்கத்தில் கட்டை விரலை முதுகில் வைத்து, வாய்ப் பக்கமாக இறக்கி, காற்றில் விட்டுவிடுங்கள். வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டவே கூடாது, முதுகிலிருந்து வாய்க்குக் குறுக்காக மட்டும். விளிம்பைத் தாண்டும்போது பூனை நாக்கு பட்டது மாதிரி ஒரு சுரண்டல் தெரிந்தால் அதுதான் பிசிறு. பயமாக இருந்தால் ஒரு துண்டுப் பஞ்சை அதே திசையில் தடவுங்கள், பிசிறு உள்ள இடத்தில் பஞ்சு நூல் மாட்டிக்கொண்டு நிற்கும்.

அடியிலிருந்து நுனி வரைக்கும் பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. நடுவில் மட்டும் வந்து நுனியில் வராவிட்டால் நுனியில் மட்டும் இன்னும் கொஞ்சம். நுனி வளைந்திருப்பதால் அங்கே போகும்போது பிடியைத் துளி உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நுனி தாளில் படவே படாது. அப்புறம் கத்தியைத் திருப்பி, மறு பக்கம், அதே மாதிரி, எதிர்ப்பக்கம் பிசிறு வரும் வரை. இதை 400-ல் முடித்துவிட்டு 1000-க்குப் போங்கள். 400-ல் பிசிறு வராமல் 1000-க்குப் போனால் நாள் பூராவும் தேய்த்தாலும் கத்தி பளபளக்குமே தவிர வெட்டாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க 2000 நம்பர் தாளில் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி, மத்தியானம் கோழி வெட்டப் போனால் தோல் மேல் சறுக்கிக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

1000, 2000-ல் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று மாற்றி மாற்றி. பிசிறு சின்னதாகிக்கொண்டே வரும், ஆனால் கல்லிலோ தாளிலோ அது முழுசாகப் போகாது. இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் தேய்த்தால் இந்தப் பக்கம். அந்தப் பிசிறோடு வெட்டினால் முதல் நாள் அபாரமாக வெட்டும், மறுநாள் பிசிறு மடங்கி வாயை மூடிக்கொள்ளும். என் பால்கனிக் கல் கதை இதுதான். பிசிறை எடுக்கக் கல்லைவிட மெத்தென்ற ஏதாவது வேண்டும்.

பழைய தோல் பெல்ட் ஒன்று தேடுங்கள். உண்மையான தோலாக இருக்க வேண்டும், ரெக்சின் ஒன்றுக்கும் ஆகாது. பின்பக்கம் வெல்வெட் மாதிரி லேசாகப் பொசுபொசுவென்று இருந்தால் தோல், துணி நெசவு தெரிந்தால் ரெக்சின். சலூனில் முன்பெல்லாம் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தோல்வார் தொங்கும், சவரக் கத்தியைப் படக் படக்கென்று அதில் போட்டு எடுப்பார்கள். அதே வேலைதான். ஆனால் தொங்கவிட்டுச் செய்வது நமக்கு வேண்டாம். பெல்ட் தொய்ந்தால் தோல் கத்தியின் வாயைச் சுற்றி வளைந்து மேலேறும், எடுத்த கூர்மையை அதுவே உருட்டிவிடும். ஒரு பலகையில் பெல்ட்டைப் பின்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, இரு முனையிலும் ஆணியோ டேப்போ போட்டுவிடுங்கள்.

கத்தியைப் படுக்க வைத்து, முதுகை மெல்ல உயர்த்திக்கொண்டே வந்து, கல்லில் பிடித்த கோணத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக நிறுத்துங்கள். முதுகு முன்னால், வாய் பின்னால். கத்தியின் கனம் தவிர வேறு அழுத்தம் கிடையாது. பெல்ட்டின் முடிவுக்கு வந்ததும் முதலில் நிறுத்தவும். பிறகு தூக்கவும். பிறகு முதுகின் மேல் புரட்டவும், வாயின் மேல் புரட்டக் கூடாது. இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்யப் போனால் கடைசி அரை அங்குலத்தில் கை தானாக நிமிர்ந்து வாய் தோலில் குத்தும். அப்படித்தான் என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு வாங்கின பெல்ட்டை மூன்றாவது இழுப்பிலேயே இரண்டாக்கினேன். அது பழசா, அவர் அன்றைக்குக் காலை கட்டிக்கொண்டு போக வைத்திருந்ததா என்பதில் இன்னும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இருபது முறை. காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் கொரகொரவென்று ஒரு சத்தம் வரும். பத்துப் பன்னிரண்டு இழுப்பில் அது அடங்கி, பட்டுப்புடவை மடிப்பது மாதிரி ஆகும். பிசிறு போய்விட்டது.

வெறும் தோலே போதும். இன்னும் வேண்டுமென்றால் பித்தளை விளக்குக்குப் போடுகிற பாலிஷில் ரெண்டு சொட்டு தடவிக் காய விடலாம். எவர்சில்வருக்குப் பாலிஷ் போடுகிற பட்டறைகளில் பச்சை நிறத்தில் ஒரு கட்டி வைத்திருப்பார்கள், குரோமியம் ஆக்சைடு கலந்தது, அதைச் சாக்பீஸ் மாதிரி தோலில் தேய்த்தால் இன்னும் வேகம். எதைத் தடவினாலும் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் காயில் வைக்காதீர்கள். டூத்பேஸ்ட் தடவலாம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பல்பொடி, பேஸ்ட் வகைகளில் பலவற்றில் இருப்பது சுண்ணாம்புச் சத்துதான், அது எஃகைவிட மெத்து. மணக்கும், அவ்வளவே.

தோல் கிடைக்காவிட்டால் செய்தித்தாள். முந்தின நாள் பேப்பரை எட்டாக மடித்துப் பலகையில் வைத்து அதே மாதிரி இழுங்கள். காகிதமும் மையும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்கிறது. ஞாயிறு இணைப்பு வழவழவென்று இருக்கும், அது வேண்டாம்.

மரமும் ஆகும், தாத்தா செய்ததே அதுதானே. பழப்பெட்டிப் பலகை மாதிரி மெத்தென்ற மரமாக, ரேகை நேராக ஓடுகிற துண்டாக எடுத்துப் பாலிஷ் தடவிக்கொள்ளலாம். வெங்கச்சாங்கல் என்பது குவார்ட்ஸ், கத்தி எஃகைவிடக் கெட்டி, அதனால்தான் அந்தப் பொடி அருவாளைத் தின்றது. ஆனால் வீட்டில் அதை இடிக்கப் போகாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. கல் குவாரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு வருகிற சிலிக்கோசிஸ் இதனால்தான். தாத்தா திறந்த வெளியில், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு இடிப்பார். நமக்குப் பாலிஷ் கிடைக்கிறது.

பதம் பார்க்க முன்கை முடியைச் சிரைக்க வேண்டாம். கட்டை விரல் நகத்தின் மேல் கத்தியைக் கனம் கொடுக்காமல் சாய்வாக வையுங்கள். வழுக்கினால் போதவில்லை, பிடித்துக்கொண்டு நின்றால் கூர். அடியில், நடுவில், நுனியில் மூன்று இடம் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு பழுத்த தக்காளி. விரலால் பிடிக்காமல், கத்தியை மேலே வைத்துச் சும்மா இழுத்தால் தோல் திறக்க வேண்டும்.

அருவாமணைக்கு வருகிறேன். அதன் அலகு பழைய இரும்பு எஃகு, துருப் பிடிக்கும், புளி பட்டால் கறுக்கும், ஆனால் தீட்டினால் எவர்சில்வர் கத்தியைவிடச் சீக்கிரம் கூர் ஏறும். அதைத் தூக்கிக் கப்பில் தேய்க்க முடியாது. கல்லைத்தான் அலகிடம் கொண்டு போக வேண்டும். ஒரு சாண் நீளத்துக்கு ரீப்பர் கட்டைத் துண்டு எடுத்து 400 வாட்டர் பேப்பரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள். மணையில் எப்போதும் உட்காருகிற மாதிரி அலகுக்கு எதிரே உட்காராதீர்கள். அலகின் முதுகுப் பக்கம் உட்கார்ந்து, மணையைக் காலால் மிதித்துக்கொண்டு, கட்டையை முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக, உங்களை விட்டு வெளியே போகும்படி தேய்க்கவும். வாயிலிருந்து முதுகுக்கு இழுத்தால் கை சறுக்கும்போது விரல் வாயில் போகும். அலகு வளைந்திருப்பதால் கட்டையும் வளைவோடு கூடவே போக வேண்டும். பிசிறு பார்ப்பது அதே முறை. கடைசியில் அதே கட்டையில் தாளைக் கழற்றிவிட்டுத் தோல் துண்டைச் சுற்றிப் பத்து இழுப்பு. மேலே தேங்காய் துருவுகிற பல்லில் இது எதுவும் படக் கூடாது. முடிந்ததும் கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

தெருவில் சைக்கிளில் சாணைச் சக்கரம் வைத்துக்கொண்டு வருகிறவரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அருவாள், மண்வெட்டி, துணி வெட்டுகிற கத்தரிக்கோல் எல்லாம் அவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம், மிதித்துச் சுற்றுகிற சக்கரம் நிதானமானது. கரண்ட்டில் ஓடுகிற வேகச் சக்கரத்தில் மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள். ஒரு கடையில் என் மீன் கத்தியைக் கொடுத்தேன், தீப்பொறி மத்தாப்பு மாதிரி பறந்தது, வாங்கிப் பார்த்தால் வாய் ஓரத்தில் நீல நிறம். அந்த நீலம் வந்தால் 300 டிகிரியை ஒட்டிச் சூடேறி அந்த இடத்தில் எஃகின் கெட்டித்தன்மை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தக் கத்தி வாரம் ஒரு தரம் மழுங்கியது. நீலம் தேய்ந்து போகிற வரைக்கும் கல்லில் தேய்த்து மீட்க எனக்கு ஆறு மாதம் ஆனது. சூடு ஏறினால் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அம்மி, துவைக்கிற கல், படிக்கட்டு எல்லாம் அவசரத்துக்கு ஆகும். கிரானைட்டிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. கொத்தின அம்மியில் தேய்த்தால் வாயில் பல் விழும், பக்கவாட்டில் வழவழப்பான இடத்தில் தேய்க்கலாம். பல் பல்லாக இருக்கிற பிரெட் கத்தியை இந்த முறையில் தொடவே வேண்டாம். வெள்ளையாகப் பீங்கானிலேயே செய்த கத்தி இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், கப்பில் தேய்த்தால் கப்பும் போகும் கத்தியும் போகும்.

நான் வைத்திருக்கிற கணக்கு: சனிக்கிழமை தோறும் மீன் வாங்குவதற்கு முன்னால் பெல்ட்டில் பத்து இழுப்பு. அது பலிக்காமல் போகிற மாதம் கப். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்குக் கரும்பு வெட்டி முடித்த பிறகு, வாட்டர் பேப்பர். தட்டில் வைத்து நறுக்குவதை விட்டு மரப்பலகைக்கு மாறினதிலிருந்து கப்பைத் தொடுவதே அபூர்வமாகிவிட்டது.

மேல் மாடி அக்கா போன வாரம் பிளாஸ்டிக் கவரில் நாலு கத்தியோடு வந்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம், மேஜையில் வைத்துவிட்டு "எடுத்துக்கோம்மா" என்றார். மூன்று சரி. நாலாவது பிரெட் கத்தி. அதை மட்டும் மேஜையிலேயே விட்டுவிட்டேன்.